பழகிய மூக்கு

ஸ்காட்லாந்தின் கார்ன்பர்ன் ஊரில் ஒருவன் முழு ஆளாகிவிட்டான் என்பதற்கு மீசையும் சாட்சி இல்லை, கல்யாணமும் சாட்சி இல்லை. மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழ வேண்டும்.

குரோம் ஆலையில் சேர்ந்த சில மாதங்களில் அது தொடங்கும். முதலில் மூக்கு ஓயாமல் ஒழுகும். பிறகு எரியும், பொருக்குக் கட்டும், பொருக்கைப் பிய்த்தால் ரத்தம் வரும். தலையணை உறையெல்லாம் கறை. இப்படியே போய், ஒரு காலையில் முகம் கழுவும்போது வலி இருக்காது. தொட்டுப் பார்த்தால் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு வழி திறந்திருக்கும். அந்த வாரம் மதுக்கடையில் அவனிடம் யாரும் காசு வாங்கமாட்டார்கள். பெஞ்சின்மேல் ஏறி நின்று, ஷூ கயிற்றை ஒரு மூக்குத் துளையில் விட்டு மறு துளை வழியாக இழுப்பான். கடையே அதிரும். "பழகிட்டான்டா, பழகிட்டான்!" என்று கத்துவார்கள். அதற்குப் பிறகு குரோம் அவனை ஒன்றும் செய்யாது என்பது ஊரின் நம்பிக்கை. வலி நின்றுவிட்டதல்லவா?

சுவர் முழுக்க இடிந்து விழுந்த பிறகு இடியும் சத்தம் நின்றதை, வீடு உறுதியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்ட ஊர் அது.

இஷ்பெல் இம்ரி அந்த வித்தையை முதலில் பார்த்தது தன் வீட்டு அடுப்படியில். அவள் அப்பா புத்தாண்டு விருந்தில், கையில் ஒரு கோப்பையும் காதுவரை சிரிப்புமாகச் செய்து காட்டினார். அவளும் தம்பி வாட்டியும்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்கள். அப்பா சூளைப் பக்கம் வேலை பார்த்தவர். அவர் சட்டைக் கழுத்துப்பட்டை எத்தனை முறை வெளுத்தாலும் மஞ்சளாகவே இருக்கும். ஆலைக் கழிவைக் கொட்டிய மேடுகளில் மழை பெய்தால் ஊர் ஓடைகூட அதே மஞ்சளில்தான் கிளைடு ஆற்றுக்குப் போய்ச் சேரும். அந்த நிறத்தை யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை.

படிப்பில் கெட்டி என்று ஆலையே உதவித்தொகை கொடுத்து இஷ்பெலைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. அங்கே வேதியியல் நூலகத்தில் ஒரு மதியம், தடித்த ஜெர்மன் சஞ்சிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, தன் ஊரில் கைதட்டி வரவேற்கும் ஓட்டைக்கு மருத்துவர்கள் ஒரு பெயர் வைத்திருப்பதைக் கண்டாள். அதோடு, அந்த ஓட்டைக்காரர்களின் நுரையீரலில் பிற்பாடு புற்று வளர்கிறதோ என்ற சந்தேகமும் அங்கே எழுதப்பட்டிருந்தது. சஞ்சிகையை மூடிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

அப்பா ஐம்பதைத் தாண்டவில்லை. ஆலை மருத்துவர் மார்ச்சளி என்றார். பாதிரியார் கல்லறையருகே நின்று, இறைவன் தன் நேரத்தில் அழைத்துக்கொண்டான் என்றார். பக்கத்தில் நின்ற இஷ்பெல் கேட்டாள்: "ஆலையில இறைவனுக்கு எத்தனை பங்கு இருக்கு, ஐயா?"

அதன் பிறகு பாதிரியார் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. அவளும் கோயில் பக்கம் போகவில்லை.

படித்து முடித்தவள் எடின்பரோவிலோ லண்டனிலோ போய் உட்கார்ந்திருக்கலாம். கார்ன்பர்ன் பள்ளிக்கே வேதியியல் ஆசிரியையாகத் திரும்பி வந்தாள். 'கல்யாணம் ஆகாத ஆத்திரம், ஆலைமேல காட்டுறா' என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அவள் காதிலும் விழுந்தது. ஆத்திரம் உண்மைதான், காரணம்தான் தப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆண்டு பிப்ரவரியில் அவள் மேல் வகுப்புக்கு இடைநிலை உலோகங்களை நடத்திக்கொண்டிருந்தாள். மேசைமேல் சோதனைக் குழாய்கள் வரிசையாக: தாமிரத்தின் நீலம், நிக்கலின் பச்சை, கோபால்ட்டின் இளஞ்சிவப்பு, மாங்கனீசின் ஊதா.

"சோடியத்துக்கு எப்பவும் ஒரே குணம். கால்சியத்துக்கும் அப்படித்தான். அட்டவணைக்கு நடுவுல உக்காந்திருக்கிற இதுங்க அப்படி இல்ல. சேர்ற இடத்துக்குத் தக்கபடி குணம் மாறும், நிறம் மாறும்," என்றாள். "சிலது தான் மாறாமலே மத்ததை மாத்தும். நீங்க ரொட்டியில தடவுற மார்கரின், நிக்கல் இல்லேன்னா எண்ணெயாவே இருந்திருக்கும். நிக்கல் உள்ள போகும், வேலைய முடிச்சு வைக்கும், ஒண்ணுமே ஆகாத மாதிரி வெளிய வந்துரும்."

"எங்க அப்பாவோட ஷெட்டு மேஸ்திரி மாதிரி, டீச்சர்!" என்றது பின் வரிசையிலிருந்து ஒரு குரல்.

"நிக்கல் கூலி வாங்காது," என்றாள் இஷ்பெல். வகுப்பு சிரித்தது.

பிறகு குரோமியம். அந்தப் பிள்ளைகளுக்கு அது சொந்தக்கார உலோகம். சைக்கிள் கைப்பிடியில் பளபளப்பது அது. காலில் போட்டிருக்கும் பூட்ஸ் தோலையும் உதைக்கும் பந்தின் தோலையும் பதப்படுத்தியது அது. இஷ்பெல் இரண்டு குழாய்களைத் தூக்கிக் காட்டினாள். ஒன்றில் பச்சை, ஒன்றில் ஆரஞ்சு. இரண்டும் குரோமியம்தான். பச்சையில் அது மூன்றாம் நிலையில் அடங்கிக் கிடக்கிறது. ஆரஞ்சில் ஆறாம் நிலையில் பசியோடு நிற்கிறது. கையில் அகப்பட்ட எதையாவது எரித்துத் தன் பசியைத் தீர்த்துக்கொண்டால்தான் அது பச்சையாக இறங்கி அமைதியடையும். "யாராவது உங்ககிட்ட வந்து குரோமியம் நல்லதுன்னு சொன்னாலும், கெட்டதுன்னு சொன்னாலும், ஒரே கேள்வி கேளுங்க. எந்த நிலையில இருக்கிற குரோமியம்?"

அந்தக் கேள்வியை ஊரில் கேட்க வேண்டிய நேரம் அதே வாரத்தில் வந்தது.

அரசாங்கத் தொழிற்சாலை ஆய்வாளர் வந்து போயிருந்தார். குரோம் தூளைப் பீப்பாயில் நிரப்பும் கொட்டகையில் தூசி அளவுக்கு மீறியிருக்கிறது, ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தூசியை உறிஞ்சி வெளியே தள்ளும் காற்றாடிகளைப் பொருத்தியிருக்கலாம். ஆலை நிர்வாகம் வேறொன்றைக் கண்டுபிடித்தது. பணியாளர் அதிகாரி லோரிமர், மென்மையான குரலும் நல்ல கோட்டும் உடையவர், அதை அறிவித்தார்: இனிமேல் அந்தக் கொட்டகையில் மூக்கில் ஓட்டை விழுந்தவர்கள் மட்டுமே வேலை செய்வார்கள். அவர்கள்தான் பழகியவர்கள். புதியவர்களுக்குத் துன்பம் இல்லை. பழகியவர்களுக்குக் கூலியும் உயர்வு.

ஊரின் மூடநம்பிக்கையை எடுத்து, சலவை செய்து, இஸ்திரி போட்டு, அதையே திட்டமாக ஊருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆயிரம் பேரை ஏமாற்றப் புதுப் பொய் தேவையில்லை. அவர்கள் ஏற்கெனவே நம்புவதற்குச் சம்பளம் போட்டுக் கொடுத்தால் போதும்.

திட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று தொழிலாளர் சங்கம் முடிவு செய்ய வேண்டும். சங்கத் தலைவர் வாட்டி இம்ரி. அவனுக்கு இருபது வயதிலேயே ஓட்டை விழுந்துவிட்டது.

புதன்கிழமை மாலை இஷ்பெல் தம்பி வீட்டுக்குப் போனாள். வாட்டியின் மனைவி டீனி வறுத்த ஹெர்ரிங் மீனும் உருளைக்கிழங்கும் வைத்தாள். மீனில் கை வைப்பதற்கு முன்பே சண்டை ஆரம்பித்தது.

"வாட்டி, அந்தக் கொட்டகைக்கு நீயும் போகப்போறியா?"

"மொத ஆளா போவேன். தலைவன் பின்னால நின்னா நல்லாவா இருக்கும்?"

"ஓட்டை விழுந்தா உடம்பு பழகிடுச்சுன்னு எவன்டா சொன்னது?"

"வலிக்கலயே அக்கா."

"வலிக்கிறதுக்கு அங்க சதை இருந்தாத்தானே வலிக்கும்! மூக்கைத் தின்னு முடிச்சதும் தூசி போதும்னு திரும்பிப் போயிடுமா? நேரா நெஞ்சுக்குத்தான் போவும். அப்பா எதுல செத்தாரு?"

"மார்ச்சளியில."

"அப்படின்னு யாரு சொன்னா? ஆலை டாக்டர்!"

வாட்டி முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் இஷ்பெலுக்கு அதிகக் கோபத்தைக் கிளப்பியது.

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத," என்றான். "அப்பா உடம்புல அத்தனை வருஷம் அந்த மஞ்சள் ஊறிச்சு. எவனாவது வந்து, 'இம்ரி, உன் உடம்பு எங்களுக்காக இப்படி ஆச்சு'ன்னு ஒரு வார்த்த சொன்னானா? எங்க மூக்குல இருக்கிற ஓட்டைய இத்தனை நாளா சர்க்கஸாத்தான் பாத்தாங்க. இப்பத்தான் மொத தடவையா, இது ஒரு தகுதி, இதுக்கு ஒரு விலை உண்டுன்னு சொல்றாங்க. நீ வந்து அது வெறும் புண்ணுங்கிற."

"புண்ணுதான்டா."

"இருக்கட்டும். எங்ககிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான்."

சனிக்கிழமை சங்கக் கூட்டத்தில் தான் பேச வேண்டும் என்றாள் இஷ்பெல். வாட்டி வாய்விட்டுச் சிரித்தான். "பேசேன்! தாராளமா பேசு. பிறந்ததுலேருந்து உன் பேச்சைக் கேட்டு நானே திருந்தல, அவனுங்களா திருந்தப்போறானுங்க?"

அவன் கரி அள்ளக் கொல்லைப்புறம் போனான். டீனி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணி, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அவருக்கு மோப்பமே போயிடுச்சு. போன வாரம் நான் கடைக்குப் போயிருந்தேன். அடுப்பு அணைஞ்சு கேஸ் பாட்டுக்குப் போயிக்கிட்டே இருந்திருக்கு. இவரு அதே ரூம்ல பேப்பர் படிச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. கதவத் திறந்தா எனக்கு மூச்சு முட்டுது. 'ஏன் அலறுற?'ன்னு கேக்கறாரு."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. சங்கத் தலைவருக்கு மூக்கு வேலை செய்யலன்னு தெரிஞ்சா மானம் போயிடுமாம். நீங்களும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணி."

"சொல்ல மாட்டேன் டீனி," என்றாள் இஷ்பெல். சொல்லும்போது மனதாரத்தான் சொன்னாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து, கால்பந்து ஆட்டம் தொடங்குவதற்கு முன் கூட்டம். சங்க மண்டபத்தில் ஈரக் கோட்டு வாடை, புகையிலை வாடை. பின்னால் டீனியும் இன்னும் சில பெண்களும் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்கள். இஷ்பெல் பள்ளியிலிருந்து ஒரு தட்டும் சில குப்பிகளும் ஒரு சிறு ஸ்பிரிட் விளக்கும் கொண்டு வந்திருந்தாள்.

"டீச்சர், பரிட்சை வைக்கப்போறீங்களா? நான் அன்னைக்கே பெயிலு!" என்று கத்தினான் ஷுகி. பீப்பாய்க் கொட்டகையின் கோமாளி அவன்.

"இன்னைக்கு உனக்குப் பரிட்சை இல்ல ஷுகி. உன் பாக்கெட்ல இருக்கிற புட்டிக்குத்தான்."

மண்டபம் சிரித்தது. ஷுகி தன் விஸ்கிப் புட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். நாலு பேர் பிடுங்கி மேடைக்குக் கொடுத்தார்கள்.

அவள் கண்ணாடிக் குடுவையில் ஆரஞ்சு நிறக் கரைசலை ஊற்றினாள். "இது நீங்க செய்யுற சரக்கு. தெரியுதா?" தெரியாமலா? கொஞ்சம் நீர்த்த அமிலம் சேர்த்தாள். பிறகு விஸ்கி.

"ஐயோ, பாவம்!" என்றது ஒரு குரல். ஷுகி தொப்பியைக் கழற்றித் துக்கம் அனுசரித்தான்.

விளக்கில் மெல்லச் சூடாக்கினாள். ஆரஞ்சு கலங்கியது, பழுப்பானது, பிறகு கண் முன்னே பாசிப் பச்சையாக மாறியது. முன் வரிசையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். தாங்கள் பல ஆண்டுகளாகச் செய்துவந்த பொருள் இப்படி ஒன்றைச் செய்யும் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. அவர்களிடம் அதை யாரும் காட்டியதில்லை.

"விஸ்கி எரிஞ்சு போச்சு," என்றாள் இஷ்பெல். "தீ இல்லாம, புகை இல்லாம எரிஞ்சு போச்சு. எரிச்சது அந்த ஆரஞ்சு. லோரிமர் சொல்றாரே, நம்ம வீட்டுக் குழாயே குரோம்தான், அதுல தண்ணி குடிக்கிறோமேன்னு? குழாயில இருக்கிறது எதையும் எரிக்காது. உங்க பீப்பாயில இருக்கிறது எரிக்கும். விஸ்கிய எரிக்கும், தோலை எரிக்கும், மூக்கை எரிக்கும். இன்னும் கொஞ்சம் ஊத்துறேன், பாருங்க, அதையும் எரிக்கும். விஸ்கி எப்பவாவது பழகிடுச்சா? உங்க சதை மட்டும் எப்படிப் பழகும்?"

"விஸ்கிக்கு சங்கம் இல்ல டீச்சர்!" என்றான் ஷுகி. மண்டபம் மறுபடி வெடித்தது. தலைமை நாற்காலியில் இருந்த வாட்டி சுத்தியலால் தட்டினான், அவனும் சிரித்துக்கொண்டுதான். சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஆட்டத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தன் வார்த்தைகள் அந்தச் சிரிப்பில் கரைந்து போவதை இஷ்பெல் பார்த்தாள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "என்னடி இது, ஆப்பிள் வாசனை அடிக்குது? அழுகின ஆப்பிள்!"

"ஆமா, எனக்கும் அடிக்குது," என்றாள் இன்னொருத்தி. புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள் சிலரும் மூக்கைச் சுளித்தார்கள்.

விஸ்கி அப்படி எரியும்போது அந்த வாசனை வரும் என்பது இஷ்பெலுக்குத் தெரியும். வேதியியல் அறைகளில் தினம் நுகர்வதுதான். நிறத்தைக் காட்ட வந்தவள் அதைப் பற்றி நினைத்தே பார்க்கவில்லை. இப்போது நினைத்தாள். குடுவைக்கு மிக அருகே, முதல் வரிசையில், பழகியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தில் ஒன்றும் இல்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். முதல் வரிசையைப் பொதுவாகக் கேட்டிருக்கலாம். அவள் கண் தம்பியின்மேல் போய் நின்றது.

"வாட்டி, நீ பக்கத்துலயே இருக்கியே, என்ன வாசனை வருது?"

வாட்டி சிரிப்பை நிறுத்தினான். கூச்சலில் பெண்கள் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்கவில்லை. "கந்தகம்," என்றான்.

பின்னால் பெண்கள் சிரித்தார்கள். "கந்தகமா! தலைவரே, ஆப்பிள்!"

"அவங்க சொன்னது காதுல விழலயா உனக்கு?" என்றாள் இஷ்பெல். அவள் குரல் வகுப்பறைக் குரலாகிவிட்டது. அவள் கையைப் பிடித்து நிறுத்த அப்போது யாரும் இல்லை. ஒரு கோப்பையில் விஸ்கி ஊற்றினாள், இன்னொன்றில் ஆறிப்போன தேநீர். "கண்ணை மூடு. குடிக்க வேணாம். மோந்து மட்டும் பாத்து, எது விஸ்கின்னு சொல்லு."

"அக்கா, நேரமாச்சு."

"கண்ணை மூடு."

டீனி கையிலிருந்த தேநீர்க் கெட்டிலைக் கீழே வைத்தாள். அந்தச் சத்தம் இஷ்பெலுக்குக் கேட்டது. கேட்டும் நிறுத்தவில்லை.

இருநூறு பேர் பார்க்க மாட்டேன் என்று சொல்ல முடியாமல் வாட்டி கண்ணை மூடினான். ஒன்றை மோந்தான். மற்றதை மோந்தான். மறுபடி முதலாவதை. பிறகு தேநீர்க் கோப்பையைத் தொட்டு, "இது," என்றான்.

யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார்கள். ஏனென்றால் முதல் வரிசையில் ஒவ்வொருவனும் தன்னை அந்த நாற்காலியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கிழவன் எழுந்து வந்து, இரண்டு கோப்பைகளையும் தானே மோந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போய் உட்கார்ந்தான்.

ஓட்டெடுப்பு நடந்தது. திட்டம் வேண்டாம், காற்றாடி வேண்டும் என்று கைகள் உயர்ந்தன. வாட்டி எண்ணிப் பார்த்து, முடிவை அறிவித்து, சுத்தியலை வைத்துவிட்டு வெளியே போனான். ஆட்டத்துக்குப் போகவில்லை என்று பிறகு தெரிந்தது.

இஷ்பெல் குப்பிகளை எடுத்து வைத்தபோது டீனி அருகே வந்தாள். கத்துவாள் என்று இஷ்பெல் எதிர்பார்த்தாள்.

"உங்கள நம்பித்தான் சொன்னேன் அண்ணி," என்றாள் டீனி. அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை லோரிமர் ஆலை முற்றத்தில் நின்று, சங்கத்தின் முடிவை நிர்வாகம் மதிக்கிறது என்றார். ஆகவே யாரையும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. காற்றாடி பற்றி ஆலோசிப்போம். அதுவரை, உயர்ந்த கூலிக்குக் கொட்டகையில் வேலை செய்ய விரும்பும் பழகியவர்கள் தாமாக முன்வரலாம்.

முற்றம் அசையவில்லை. யாரும் முன்வராமல் இருந்திருந்தால் லோரிமரின் மென்மையான குரலுக்கு அன்று வேலை இருந்திருக்காது. அப்போது வாட்டி இம்ரி தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், முற்றத்தைக் கடந்து கொட்டகைக் கதவுக்குள் போனான். கொஞ்ச நேரம் கழித்து ஷுகி போனான். பிறகு ஒவ்வொருவராக எல்லாப் பழகியவர்களும்.

மதிய இடைவேளைக்குள் செய்தி பள்ளிக்கு வந்துவிட்டது. இஷ்பெல் கையிலிருந்த சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, ஜன்னலருகே போய் நின்றாள். நிரூபித்தது சரி. ஓட்டும் விழுந்தது. யாரைக் காப்பாற்ற அத்தனையும் செய்தாளோ அவன் உள்ளே இருந்தான். அவனை உள்ளே தள்ளியது லோரிமர் மட்டும் இல்லை.

அன்று மாலை அவள் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினாள். டீனி திறந்துவிட்டு விலகினாள். வாட்டி அடுப்பருகே உட்கார்ந்திருந்தான். புருவத்தில், காது மடிப்பில், கண் ஓரத்தில் எல்லாம் மஞ்சள்.

"நான் செஞ்சது தப்பு," என்றாள் இஷ்பெல்.

"நீ சொன்னதுல ஒரு எழுத்து தப்பில்ல அக்கா. எனக்கே தெரியும். கேஸ் போனதுக்கு அப்புறம் எனக்குத் தெரியாதா?" அவன் அடுப்பைப் பார்த்தபடியே பேசினான். "ஆனா அதைச் சொல்ல இருநூறு பேர் முன்னாடி என் மூக்கைத்தான் அறுத்து மேசையில வைக்கணுமா? முன் வரிசையில எத்தனை மூக்கு இருந்துச்சு!"

"தெரிஞ்சும் ஏன்டா உள்ள போனே?"

"தலைவருக்கு மோப்பம் போச்சு, பயந்துட்டாருன்னு நாளைக்கு எவனாவது சொல்லுவான்ல."

"மத்தவங்க?"

"என்னைத் தனியா விடக்கூடாதுன்னு வந்தாங்க." அவன் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "ஷுகி உள்ள வந்து என்ன சொன்னான் தெரியுமா? 'தலைவரே, உங்க வீட்டு டீ எங்க கிடைக்குது, எனக்கும் ரெண்டு புட்டி வேணும்'னான். சிரிச்சு சிரிச்சு வாயெல்லாம் தூசி."

இஷ்பெலுக்கு அழுகை வந்தது. அவள் அழுவதை வாட்டி பார்த்ததே இல்லை. அப்பா சாவிலும் பார்த்ததில்லை. அவன் சங்கடமாக நாற்காலியில் அசைந்தான்.

"நாளைக்கு வெளிய வந்துடு," என்றாள்.

"முடியாது. நான் வந்தா அவனுங்க அத்தனை பேரும் கோழைன்னு ஆயிடும். காத்தாடி வர்ற வரைக்கும் இருப்பேன். வர வைக்கிறேன். அது என் பொறுப்பு."

"எத்தனை வருஷத்துல?"

வாட்டி அடுப்பில் ஒரு கரித்துண்டைப் போட்டான். அவளிடம் வாதம் தீர்ந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்த உலோகங்களின் குணங்களில், அவமானப்பட்ட ஒரு மனிதனைத் திருப்பி அழைக்கும் குணம் எதற்கும் இல்லை. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள், சட்டைக் கையை மடித்தாள், அடுப்பிலிருந்த வெந்நீரை எடுத்துப் பேசினில் ஊற்றி ஆற்றி, உப்பைப் போட்டுக் கலக்கினாள்.

"என்ன பண்ற?"

"மூக்கைக் கழுவப்போறேன். அதுக்காவது விடு."

"நான் என்ன கைக்குழந்தையா?"

"குனிடா."

என்ன தோன்றியதோ, வாட்டி குனிந்தான். டீனி துண்டோடு வந்து பக்கத்தில் நின்றாள். ஒரு பக்கம் ஊற்றினால் மறு பக்கமும் வழிந்தது. நடுவில் தடுக்கத்தான் எதுவும் இல்லையே. பேசினில் விழுந்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

அன்றிலிருந்து ஆலைச் சங்கு ஊதியதும் அது வழக்கமானது. முதலில் வாட்டி மட்டும். பிறகு ஷுகி, 'எனக்கும் ஒரு குளியல்' என்று கேலியாக வந்தான், பிறகு கேலி இல்லாமலும் வந்தான். பிறகு மற்றவர்கள். இஷ்பெல் வீட்டு அடுப்படியில் மாலை முழுவதும் வெந்நீர் கொதித்தது. ஊர் அவளைச் சலவைக்காரி என்றது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. குனிந்திருக்கும் ஆள் எதிர்த்துப் பேச முடியாது என்பதால் அந்த நேரத்தில் காற்றாடி பற்றிப் பேசினாள். யாரையும் பெயர் சொல்லிக் கேள்வி கேட்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

காற்றாடி பற்றி நிர்வாகம் ஆலோசித்துக்கொண்டே இருந்தது.

இந்தத் தண்ணீர் மூக்கு வரைக்கும்தான் என்பது இஷ்பெலுக்குத் தெரியும். அதற்குக் கீழே எந்தக் கையும் எந்தத் தண்ணீரும் எட்டாத இடத்தில் என்ன படிகிறது என்பதும் தெரியும். அதை அவள் வாட்டியிடம் மறுபடி சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் அவன் படி ஏறி வரும்போது வாசலில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தான். "உன் வீட்டுப் படி வளர்ந்துக்கிட்டே போவுது அக்கா," என்றான்.

இருமிவிட்டு வந்து குனிந்தான். அவள் ஊற்றினாள்.

"போதும், சுத்தமாயிடுச்சு."

"இல்ல. இன்னும் மஞ்சளாத்தான் வருது. அசையாத," என்றாள் இஷ்பெல், மறுபடி ஊற்றினாள்.